பாழ், பழமை, விளக்கின்மை: கைவிடப்பட்ட ஊர்களைக் குறிக்கும் சொற்கள்

மக்கள் நீங்கிய இடைக்கால ஊர்கள் நிலத்தில் விட்டுச்செல்லும் தடங்கள் பல. சாம்பல் கலந்த மண்மேடு, சிதறிய பானையோடுகள், தூர்ந்த கிணறு, வழிபாடு நின்ற கோயில் ஆகியன அவற்றுள் சில. இவற்றோடு வைத்து எண்ணத்தக்க பிறிதொரு தடம் சொல் ஆகும். வெறுமையான இடத்தைப் பின்வந்தோர் எவ்வாறு கண்டனர் என்பதைச் சொல்லே காட்டுகிறது.

கன்னடத்தில் கைவிடப்பட்ட ஊர் 'ஹாளூரு' எனப்படும். பாழூரில் எஞ்சியவனே ஊர்த்தலைவன் என்னும் பழமொழியும் அம்மொழியில் உண்டு. 'ஹாளு' என்பது தமிழ்ப் 'பாழ்', தெலுங்குப் 'பாடு' ஆகியவற்றின் இனச்சொல். பழங்கன்னடப் 'பாழ்' என்பதில் மொழிமுதற் பகரம் ஹகரமாகவும் ழகரம் ளகரமாகவும் திரிந்தன. ஒலியால் இதனை நெருங்கிய 'ஹளெ' என்பதோ வேறு சொல். தமிழ்ப் 'பழ' என்னும் அடைக்கு இனமானது. முன்னதன் முதலெழுத்து நெடில். பின்னதன் முதலெழுத்துக் குறில்.

இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பின் வரலாறு பிழைபடும். போசளர் தலைநகரான துவாரசமுத்திரம் 1311இல் மாலிக்காபூரின் படையெடுப்புக்கும், பின்னர்த் துக்ளக் படைகளின் தாக்குதலுக்கும் உள்ளாயிற்று. மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையிலிருந்து ஆட்சி செலுத்தலானான். தலைநகர் சிற்றூராகச் சுருங்கிற்று. கோட்டைமதிற் சிதைவுகளும் ஏரியும் கோயில்களும் அதன் பழைய பரப்பை இன்றும் காட்டுகின்றன. எஞ்சிய ஊர் 'ஹளேபீடு' எனப் பெயர்பெற்றது. 'பீடு' என்பது தமிழ் 'வீடு' என்பதன் இனம். உறைவிடம், பாசறை எனப் பொருள்படும். எனவே பெயரின் பொருள் 'பழைய உறைவிடம்' என்பதே. 'அழிந்த நகரம்' என்னும் மொழிபெயர்ப்பு, பெயரிட்டோர் கூறாத அழிவை அவர்தம் கூற்றாக்கிவிடுகிறது.

மூன்றாவது சொல் வருவாய் ஆவணங்களில் வழங்கும் 'பேசிராக்'. பாரசீகத்தில் 'பே' இன்மையையும் 'சிராக்' விளக்கையும் குறிக்கும். எல்லையும் அளவை எண்ணும் உண்டு. விளக்கேற்றும் குடி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6,40,000க்கும் மேற்பட்ட ஊர்களுள் 40,000க்கும் மேற்பட்டவை ஆளற்றவை. அவையெல்லாம் ஒருகாலத்தில் குடியிருந்து நீங்கிய ஊர்கள் எனக் கொள்ளுதற்கில்லை. ஆவணச்சொல் நிலையைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைச் சுட்டாது.

பாழ் அழிவையும், பழமை இடப்பெயர்வின் நினைவையும், விளக்கின்மை குடியின்மையையும் உணர்த்துகின்றன. இம்மூன்றையும் 'கைவிடப்பட்ட ஊர்' என ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பு, மண்மேட்டைச் சமன்செய்து உழுவதற்கு ஒப்பாகும், சான்று மறைந்துவிடும். பாழூர், பழவூர், விளக்கற்ற ஊர் என வேறுபடுத்திப் பெயர்ப்பதே தக்கது.