பழவேற்காட்டில் இரண்டு பேர் புத்தகம் பேசினார்கள்

புத்தகம் படிக்கிற ரெண்டு பேர் சந்திச்சா பேச்சு எப்படிப் போகும்னு நமக்குத் தெரியும். "இப்ப என்ன படிக்கிறீங்க?" அப்புறம், "அதுல என்ன சொல்லியிருக்கு?" முதல் கேள்வி மரியாதைக்கு. ரெண்டாவதுதான் உண்மையான கேள்வி. அந்த ரெண்டாவது கேள்விக்கு பழவேற்காட்டில் ஒருத்தர் சொன்ன பதில், ஐரோப்பாவில் அச்சாகி வேற மொழிகளுக்கும் போன கதைதான் இன்றைய எபிசோட்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி இருக்கு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை தமிழ்நாட்டில். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இன்னைக்கு அங்கே போறவங்க படகு, இறால், பிளமிங்கோ பார்த்துட்டு, டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடு பக்கத்துல போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. ஆனா 17-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடர் 1610-ல் அனுமதி கொடுத்தார். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து தாக்கினாங்க. அடுத்த வருஷமே கெல்ட்ரியா கோட்டை எழுந்துடுச்சு. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை இங்கிருந்துதான் எல்லாம் நடந்தது. இங்கிருந்து போன துணியின் பெயர் மலாய் மொழியில் இன்னும் 'காயின் பெலெகாட்'. அதாவது பழவேற்காட்டுத் துணி. மலேசியாவில் அது லுங்கியோட பேரு!

இந்தக் கோட்டைக்கு 1632-ல் ஒரு பாதிரியார் வந்தார். பெயர் ஆபிரகாம் ரோஜெரியஸ். வேலை, கம்பெனி ஆட்களுக்குப் பிரசங்கம் செய்வது. பத்து வருஷம் இங்கே இருந்தார். அதே ஊரில் டச்சுக்காரர்களிடம் அடைக்கலம் தேடி வந்திருந்த ஒரு பிராமணர், பத்மநாபன். ரெண்டு பேருக்கும் பொதுவான மொழி தமிழ் இல்லை, டச்சும் இல்லை. போர்த்துகீசிய மொழி. எதிரி நாட்டோட மொழிதான், ஆனா அன்னைக்கு கடற்கரை முழுக்க எல்லாரும் பேரம் பேசினது அதில்தான். இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு தெலுங்குக்காரரும் வங்காளியும் இங்கிலீஷில் பேசிக்கிற மாதிரி.

அப்படி அவர்கள் பேசியதில் ஒரு பங்கு பர்த்ருஹரி. சமஸ்கிருதத்தில் நூறு நூறு பாட்டாக மூன்று தொகுதி: நீதி, காதல், துறவு. பத்மநாபன் பொருள் சொல்லச் சொல்ல, ரோஜெரியஸ் டச்சில் எழுதிக்கொண்டார். நீதி நூறும் துறவு நூறும் புத்தகத்தில் இருக்கு. காதல் நூறு இல்லை. பத்மநாபன் அதைச் சொல்ல மறுத்துட்டார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு இந்த மறுப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணினது பேனா பிடிச்ச டச்சுக்காரர் இல்லை, படிச்ச மனுஷன். கேள்வி கேட்டவர் கையில் கோட்டை, பீரங்கி, கம்பெனி எல்லாம் இருந்தது. பதில் சொன்னவர் அடைக்கலம் வந்தவர். ஆனாலும் எந்த ஓலையைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பது அவர் கையில்தான் இருந்தது.

ரோஜெரியஸ் 1649-ல் ஹாலந்தில் இறந்துபோனார். புத்தகம் 1651-ல் லைடன் நகரில் வெளியானது. அதன் பின்னால் இருந்தவர் அவர் மனைவி. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மறைந்திருக்கும் அஞ்ஞான மதத்துக்குத் திறந்த கதவு'. (பழைய கிறிஸ்தவத் தமிழில் மற்றவர்களின் மதத்துக்கு 'அஞ்ஞானம்' என்பதுதான் பெயர். அந்தச் சொல்லின் நாற்றம் டச்சுத் தலைப்பிலும் இருப்பதால் அப்படியே வைத்தேன்.) உள்ளே கவிஞரின் பெயர் 'பர்த்ரூஹெர்ரி' என்று திரிந்திருக்கு. பாட்டு உரைநடை ஆகி, 'நூறு பழமொழிகள்' என்ற தலைப்பில் நிக்குது. சமஸ்கிருதத்திலிருந்து போர்த்துகீசிய மொழிக்கு, அங்கிருந்து டச்சுக்கு. ஒரு போட்டோவை வாட்ஸப்பில் மூணு தடவை பார்வேர்ட் பண்ணா என்ன ஆகுமோ அதுதான். சந்தம் போச்சு, சிலேடை போச்சு. சொன்ன கருத்து மட்டும் எப்படியோ தப்பிச்சது. போதாததுக்கு பதிப்பில் யாரோ ஒரு அறிஞர் கிரேக்க, ரோமானிய ஆசிரியர்களை ஒப்பிட்டு நீளநீளமான குறிப்புகள் வேறு சேர்த்திருக்கார்.

இருந்தும் அது பயணம் செய்தது. 1663-ல் ஜெர்மன், 1670-ல் பிரெஞ்சு. 1792-ல் ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்டர், 'சில பிராமணர்களின் சிந்தனைகள்' என்று வெளியிட்ட வரிகள் இந்தப் பழவேற்காட்டுப் பேச்சிலிருந்து போனவை. பள்ளியில் நமக்குச் சொன்ன கதைப்படி ஐரோப்பா சமஸ்கிருதத்தைக் கண்டுபிடிச்சது கல்கத்தாவில்: வில்கின்ஸின் கீதை 1785, வில்லியம் ஜோன்ஸின் சாகுந்தலம் 1789. பழவேற்காட்டுப் புத்தகம் வில்கின்ஸுக்கு 134 வருஷம் முந்தினது. ஐரோப்பிய மொழிக்குப் போன முதல் சமஸ்கிருத இலக்கியம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வாங்க. ஜோன்ஸுக்கு சொசைட்டி இருந்தது, ஜர்னல் இருந்தது. இங்கே இருந்தது பேச்சு மட்டும்.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா ஏதோ நட்புக் கதை மாதிரி இருக்கும். அப்படி விட்டுட முடியாது. இந்த ரெண்டு பேர் பேசின அதே ஊரில் கம்பெனி வெடிமருந்து ஆலை நடத்தியது. சோழமண்டலக் கடற்கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி, கப்பல் கப்பலாக பத்தாவியாவுக்கு அனுப்பியது. அதில் பழவேற்காடு ஒரு முக்கியமான துறை. பஞ்சம் வந்தால் விலை குறையும், வாங்குவது கூடும். துறவைப் பற்றி நூறு பாட்டு மொழிபெயர்ந்த பத்தாண்டும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான்.

அப்புறம் அந்தத் தலைப்பில் 'கதவு'. யாருடைய வீட்டுக் கதவு? நீளமான முழுத் தலைப்பு நேர்மையாகவே சொல்லிடுது: சோழமண்டலக் கடற்கரைப் பிராமணர்களின் வாழ்க்கையும் வழிபாடும். ஐரோப்பாவில் படிச்சவங்க அதை 'இந்தியர்களின் மதம்' என்று எடுத்துக்கிட்டாங்க. கோட்டையைச் சுற்றி இருந்தது தமிழும் தெலுங்கும் பேசுற கடற்கரை. குறளைப் பற்றி ஒரு பேச்சு நடந்து, அது நூறு பழமொழியா லைடன் போயிருந்தா? இந்தக் கேள்வி என்னை விடமாட்டேங்குது.

இன்னொண்ணும் உண்டு. இந்த ஏரியின் மீனவக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில், எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு நாள் வரும், மோசமான இடமும் வரும். நீர்வரத்து, முகத்துவாரம், இறால் நகர்வு எல்லாம் தெரிஞ்சாத்தான் இப்படி ஒரு கணக்குப் போட முடியும். நம்ம காலத்து ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை மேல் கட்டுரை எழுதியிருக்காங்க. ரோஜெரியஸின் கேள்விகள் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவருக்கு 'அறிவு' என்றால் ஏட்டில் இருக்கணும், அதுவும் ஒரு பிராமணர் படிச்சுச் சொல்லணும்.

அவருக்காக ஒண்ணு சொல்லணும். தனக்குச் சொன்னவர் யார் என்பதை அவர் மறைக்கலை. பத்மநாபனின் பெயர் புத்தகத்துக்குள்ளேயே இருக்கு. அன்றைய வழக்கத்துக்கு இது சாதாரணம் இல்லை. உள்ளூர்க்காரர் சொன்னதை 'ஒரு பிராமணன் சொன்னான்' என்று எழுதிவிட்டுப் போவதுதான் வசதி. அந்த ஒரு பெயர் இருந்ததால்தான் இன்னைக்கு நாம் இதை ரெண்டு பேரின் உரையாடலாகப் படிக்க முடியுது. 1915-ல் டச்சு சமஸ்கிருத அறிஞர் காலண்ட் அந்தப் புத்தகத்தை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

குறளைப் பற்றிக் கேட்டேன் இல்லையா, அதுக்கு ஒரு பாதி பதில் தரங்கம்பாடியில் இருக்கு. 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, ரெண்டே வருஷத்தில் தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் ஒன்று போட்டார். 119 நூல்கள், ஒவ்வொண்ணைப் பற்றியும் தன் கருத்தோட. அந்தப் பட்டியலைத்தான் அடுத்த எபிசோடில் பிரிக்கப்போறோம்.