பணத்தை விட்டுத் தகவலைப் பிடித்த சட்டம்

அமெரிக்க அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தத்தையொட்டி 1913-இல் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம், சம்பளமோ வாடகையோ வட்டியோ கொடுப்பவரே அதிலிருந்து வரியைக் கழித்து அரசுக்குச் செலுத்தும் முறையை, அதாவது மூலத்தில் வரி பிடிப்பதை, ஏற்றிருந்தது. இதனால் கணக்கு வேலையும் செலவும் தங்கள் தலையில் விழுவதாக முதலாளிகளும் வங்கிகளும் முறையிட, 1917-இல் அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டு, 800 டாலருக்குமேல் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தெரிவித்தால் போதும் என்ற ஏற்பாடு வந்தது. 1099 என்ற எண் கொண்ட படிவம் அதற்காகப் பிறந்ததே. பணத்தைப் பிடிக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்ட வணிகர், ஊதியமில்லாத் தகவலாளி ஆனார்.

இரண்டாம் உலகப் போரின் செலவுக்காக 1943-இல் சம்பளத்துக்கு மட்டும் வரிப்பிடித்தம் திரும்பியது. சுயேச்சை ஒப்பந்ததாரரோ, அதாவது வேலையைச் செய்யும் விதத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளும் தச்சர், கணக்கெழுதுபவர் போன்றோர், படிவத்தின் எல்லைக்குள்ளேயே நின்றனர். ஆகவே ஒருவர் பணியாளரா ஒப்பந்ததாரரா என்ற கேள்வி சிறுவணிகருக்குப் பெரும் பணச்சிக்கலாயிற்று. வேலை செய்பவரை நியாயமான அடிப்படையில் ஒப்பந்ததாரராக நடத்தியவர்களுக்கு 1978-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 530-ஆம் பிரிவு பாதுகாப்பளித்தது. இந்தியா 1972-இல் தன் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த 194சி பிரிவு ஒப்பந்ததாரரின் தொகையிலேயே வரி பிடிக்கச் சொன்னதை நோக்கினால், அமெரிக்கர் விட்டுச்சென்ற பாதையில் இந்தியர் நடந்தது தெரியும்.

இவ்வரலாற்றில் வியப்புக்குரியது, படிவம் தருவதற்கு முந்தைய 800 டாலரின் இடத்தில் பின்னர் வந்த 600 டாலர் என்ற வரம்பே. 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டத் தொகுப்பில் அது இடம்பெற்றபோது, தனிநபருக்கான வரிவிலக்குத் தொகையும் 600 டாலராகவே இருந்ததால், வரி கட்ட வேண்டியவரைக் கண்டறியும் அளவாக அது பொருந்தியது. விலக்குத் தொகை 1970 முதல் உயர்ந்துகொண்டே போக, வரம்போ அசையவில்லை. பணவீக்கம் ஏற ஏற, சட்டத்தில் ஒரு சொல்லும் மாறாமலேயே, சில நாள் கூலிகூடப் படிவத்துக்குள் வந்தது. நாடாளுமன்றம் வெளிப்படையாக விரிவாக்கியிருந்தால் எதிர்ப்பு எழுந்திருக்கும் என்பதற்கு 2010 சான்றாகும்: மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு சேர்த்து, பொருள் வாங்கியதற்கும் நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்கும் படிவம் தர வேண்டுமென விதிக்கப்பட்டதைச் சிறுவணிகர்கள் கடுமையாக எதிர்த்ததால், அவ்விதி நடைமுறைக்கு வருமுன்பே 2011-இல் நீக்கப்பட்டது.

ஒப்பந்ததாரர் ஊதியத்துக்கென 1980-களின் தொடக்கம்வரை வழங்கிய 1099-என்இசி என்னும் தனிப் படிவம் 2020-ஆம் வரியாண்டில் மீண்டது. 600 டாலர் வரம்பு 2,000 டாலராக உயர 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது, அதுவும் 2026-இல் கொடுக்கப்படும் தொகைகள் முதலே பொருந்தும்.