பாதிரியார் கொண்டு வந்த கொடி!

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரி, தூண் பாறை எல்லாம் பார்த்த பிறகு, நேரமிருந்தால் சலேத் மாதா கோயிலுக்கும் ஒரு நடை போவார்கள். பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார்கள் 1866-ல் எழுப்பிய கோயில். பெயர்கூட பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றின் பெயர்தான்!

அந்தப் பாதிரியார்கள் எங்கே போனாலும் ஒயினும் கூடவே போக வேண்டும். குடிக்க அல்ல ஸ்வாமி, பூசைக்கு! அதுவும் கலப்படமில்லாத அசல் திராட்சை ரசமாக இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். ஆகவே, திருச்சபை போன பல தேசங்களுக்குத் திராட்சைக் கொடியும் போனது.

பிரான்ஸிலேயே பர்கண்டியில் இருக்கும் புகழ்பெற்ற 'க்ளோ த வூஜோ' தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் போட்ட தோட்டம். 1336-ல் சுற்றிலும் மதில் எழுப்பி முடித்தார்கள். உள்ளே சுமார் 125 ஏக்கர். கறுப்புத் திராட்சையை நசுக்கி, தோலோடு ஊறவிட்டு (நிறமே தோலில்தான் இருக்கிறது), நுரைத்து அடங்கியதும் பீப்பாயில் அடைத்துவிடுவார்கள். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்!

1789-ல் புரட்சி வெடித்தது. மடத்துச் சொத்தெல்லாம் பறிமுதல். 1791-ல் தோட்டமும் விலைபோனது. இன்று அதே மதிலுக்குள் சுமார் 80 முதலாளிகள்! சராசரியாக ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். ஆனால், ஒரு பாட்டில் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

இப்போது கொடைக்கானல் மலையிலிருந்து தெற்கே இறங்கிப் பாருங்கள். பெரியகுளம், தேனி, அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே பந்தல் பந்தலாகக் காய்க்கும் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழகத்துக்குக் கொண்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. பத்துக் கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கர். வூஜோவைப் போலப் பதினாறு மடங்கு!

அப்படியானால் கம்பம் ஏன் வூஜோ ஆகவில்லை?

பர்கண்டியில் குளிர்காலம் வந்தால் கொடி உறங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்துக் கொடிக்கு ஏது உறக்கம்? கவாத்து செய்தால் சுமார் 120 நாளில் பழம். பள்ளத்தாக்கில் எங்கேயாவது ஒரு பந்தலில் வருஷம் முழுக்க அறுவடை நடக்கும். வரம்தான்... ஆனால், பறித்த பழம் சில நாள்தான் தாங்கும். விலை சரிந்தாலும் வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். பீப்பாயில் போட்டவருக்கு அந்த அவசரம் இல்லை.

'பன்னீர் திராட்சை ஒயினுக்கான ரகம் இல்லையே, சாப்பிடுகிற பழமாச்சே' என்பீர்கள். வாஸ்தவம். இதன் இன்னொரு பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிரான்ஸின் வாந்தூ மலைப் பகுதியிலும் இதைப் பழமாகத்தான் விற்கிறார்கள். ஆனால், 1997-லேயே ஊர்ப் பெயரை அரசு முத்திரையோடு பழத்துக்கு வாங்கிவிட்டார்கள்! கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்.

வணிகவியலில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாது. ஆனாலும் சொத்துக் கணக்கில் வரும். நல்ல பெயர்தான் அந்தச் சொத்து. வூஜோவின் ஒன்றரை ஏக்கர்காரர் விற்பது பாதி ஒயின், பாதி அந்தப் பெயர்!

அடுத்த முறை தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை வாங்கும்போது, கிலோ என்ன விலை என்பதோடு நிறுத்தாமல், 'எந்த ஊருப்பா இது?' என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் ஊருக்குப் பெயர் வரும். பெயர் வந்தால்தான் விலை வரும்!