ஜானின் பரப்புரை இயக்கம்

ஜானின் பரப்புரை இயக்கம் என்பது, மறதிநோய் உடையவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது அவர்களைப் பேணும் குடும்பத்தினர் பார்வையாளர் நேரக் கட்டுப்பாடின்றி உடன் தங்கும் உரிமையை வலியுறுத்தும் ஐக்கிய இராச்சிய இயக்கமாகும். எழுத்தாளர்களான நிக்கி ஜெரார்டு, ஜூலியா ஜோன்சு ஆகியோர் 2014 நவம்பரில் இதனைத் தொடங்கினர்.

பின்னணி

இயக்கத்தின் பெயர் நிக்கி ஜெரார்டின் தந்தை ஜான் ஜெரார்டைக் குறிக்கிறது. ஆல்சைமர் நோய் இருந்தபோதிலும் அவர் தம் வீட்டில் ஓரளவு நன்றாகவே வாழ்ந்து வந்தார். 2014 பெப்ரவரியில் கால் புண்களில் தொற்று ஏற்பட்டதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த ஐந்து வாரங்களில் குடும்பத்தினர் அவரைக் காண்பது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. வெளிவந்தபோது உடல் மிக மெலிந்து, நடக்க இயலாதவராக இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார்.

உடனிருப்பின் தேவை

மறதிநோய் உடையவருக்குப் புதிய இடம், இரைச்சல், மாறிக்கொண்டேயிருக்கும் முகங்கள் ஆகியன அச்சத்தை ஏற்படுத்துகின்றன. வலியையோ தாகத்தையோ அவரால் எடுத்துச்சொல்ல இயலாமற் போகலாம். எதிரே வைக்கப்பட்ட உணவு உண்ணப்படாமலே திரும்பக்கூடும். நீரிழப்பு, தொற்று, உறக்கமின்மை போன்றவை சன்னி எனப்படும் திடீர்க் குழப்பநிலையைத் தூண்டுகின்றன. நீண்ட படுக்கையினால் தசைகள் வலுவிழக்கின்றன. இவ்வாறு இழந்த திறன்கள் பலருக்கு மீள்வதில்லை. நோயாளியின் பழக்கங்களை அறிந்த ஒருவர் அருகிலிருந்தால் அவரை உண்ணச் செய்யவும், நடக்க ஊக்குவிக்கவும், மாற்றங்களை விரைவில் கண்டறிந்து செவிலியரிடம் தெரிவிக்கவும் முடிகிறது.

கொள்கை

உடனிருத்தல் உரிமையே அன்றிக் கடமை அன்று என இவ்வியக்கம் கூறுகிறது. செவிலியரின் பணியைக் குடும்பத்தினர்மீது சுமத்துவது இதன் நோக்கமன்று. குழந்தை நோயாளிகளுடன் பெற்றோர் இருப்பது இன்று இயல்பாகக் கருதப்படுகிறது. ஆயினும் முன்னர் அதுவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1959இல் வெளியான பிளாட் அறிக்கையே பெற்றோரின் தடையற்ற வருகையைப் பரிந்துரைத்தது.

நடைமுறையும் சட்டமும்

பல மருத்துவமனைகள் இக்கொள்கையை ஏற்றன. சில, பேணுநர்களுக்குத் தனி அனுமதி அட்டைகளை வழங்கின. 2020இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது வருகைகள் மீண்டும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. பராமரிப்பு இல்லங்களுக்கான அரசின் வழிகாட்டல்களை இயக்கம் சட்டவழியில் எதிர்த்தது. 2024 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி 9ஏ, விதிவிலக்கான சூழல்கள் தவிர்த்து, மருத்துவமனைகளும் பராமரிப்பு இல்லங்களும் வருகையாளர்களை அனுமதிக்க வேண்டும் என்கிறது. எனினும் இவ்விதி அனைத்து நோயாளிகளுக்கும் பொதுவானது. மறதிநோய் உடையவருடன் இரவிலும் தங்கும் தனி உரிமையை இது வழங்கவில்லை.

இவற்றையும் பார்க்க

மறதிநோய்
ஆல்சைமர் நோய்
சன்னி