கணவரை ஜெயித்த வெளிச்சம்!

ஒரு நிமிஷம் இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். நீங்கள் ஒரு நட்சத்திர நடிகை. உங்கள் வீட்டுக்காரர்தான் அந்த சினிமா கம்பெனியில் தயாரிப்புப் பிரிவுக்கே தலைவர். பிரமாதமான ஒரு வேஷம் வருகிறது. ஆசையாகக் கேட்கிறீர்கள். 'அதுக்குத் தேவையான கவர்ச்சி உன்கிட்ட இல்லையே' என்கிற மாதிரி அவர் உதட்டைப் பிதுக்கினால்..?

1929-ல் நார்மா ஷீரருக்கு நேர்ந்தது இதுதான். கம்பெனி, எம்.ஜி.எம். கணவர், இர்விங் தால்பெர்க். படம், 'தி டிவோர்சி'. கணவன் துரோகம் செய்தது தெரிந்ததும், 'நீ செய்ததை நானும் செய்கிறேன்' என்று கிளம்புகிற மனைவியின் கதை. ஷீரரோ அதுவரை கண்ணியமான குடும்பத்துப் பெண்ணாகவே நடித்துவந்தவர். போதாக்குறைக்கு அவருக்கு ஒரு கண்ணில் லேசான மாறுகண் வேறு! அந்த வேஷம் ஜோன் க்ராஃபோர்டுக்குத்தான் போகும் என்று பலரும் நினைத்தார்கள்.

ஷீரர் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு போட்டோகிராபரைத் தேடிப் போனார்.

ஜார்ஜ் ஹர்ரெல் அப்போது பெரிய ஆள் கிடையாது. 1904-ல் கென்டகியில் பிறந்து, ஓவியராகும் கனவோடு கலிஃபோர்னியாவின் லகூனா கடற்கரைக்கு வந்தவர். சோற்றுக்காக காமிராவைத் தூக்கினார். அவருக்கு ஒரு தோழி, பாஞ்சோ பார்ன்ஸ். விமானம் ஓட்டுகிற துணிச்சல்காரி (1930-ல் அமேலியா இயர்ஹார்ட்டின் வேக சாதனையையே முறியடித்தவர்!). அவர்தான் தன் சிநேகிதரான நடிகர் ரமோன் நவாரோவை ஹர்ரெலிடம் அனுப்பிவைத்தார். 'பென்-ஹர்' நாயகன் நவாரோ, படங்களைப் பார்த்து அசந்துபோய் ஷீரரிடம் காட்ட, அப்படித்தான் இந்த வாசல் திறந்தது.

அன்று ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். விளக்கை முகத்துக்கு நேர் எதிரே வைத்தால் முகம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். ரொம்பப் பக்கவாட்டில் தள்ளினால் சின்னச் சுருக்கம்கூட வாய்க்கால் மாதிரி தெரியும். அதே விளக்கை முகத்துக்கு முன்னால், தலைக்கு மேலே தூக்கி, சாய்த்து வையுங்கள்... கன்ன எலும்பு பளிச்சிடும். அதற்குக் கீழே மெல்லிய நிழல் விழுந்து, உருண்டை முகம்கூட ஒடுங்கித் தெரியும். மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு குட்டி நிழல் உட்காரும். சரி, இன்னும் ஒரு முழம் உயர்த்தினால்? போச்சு! கண் இருக்குமிடத்தில் இரண்டு இருட்டுக் குழிகள். ஒரு முழத்தில் அழகி பேயாகிவிடுவாள்!

அந்தக் காலத்து மற்ற போட்டோகிராபர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று லென்ஸுக்கு முன்னால் மெல்லிய துணியைக் கட்டி, எல்லாவற்றையும் பனிமூட்டமாக்கித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஹர்ரெல் நேர் எதிர். படம் கூர்மையாக இருக்க வேண்டும். நிழல் கன்னங்கரேலென்று விழ வேண்டும். வெள்ளையடித்த மாதிரி அப்பிக்கொள்ளும் மேக்கப்பும் அவருக்கு ஆகாது. தோல் தோலாகவே மினுங்கினால்தான் வெளிச்சத்துக்கு வேலை! பின்னாட்களில், மைக் தொங்கவிடுவதைப் போன்ற நீளமான கம்பியில் சின்ன விளக்கைக் கட்டி, தலைக்கு மேலே இஷ்டத்துக்கு நகர்த்தினார். கூடவே, கிராமபோனில் இசையை அலறவிட்டு, குதித்துக் கூத்தடித்து, எதிரே இருப்பவர் தன்னை மறந்த கணத்தில் 'க்ளிக்'!

ஷீரரின் நீலக் கண்களும் ஒரு தலைவலி. ஆரம்பகால ஃபிலிம்களுக்கு சிவப்பு நிறம் தெரியாது. நீலமோ கிட்டத்தட்ட வெள்ளையாகவே பதியும். சிவந்த உதடு கறுப்பாகும், நீலக் கண்ணில் உயிரே இருக்காது. எல்லா நிறத்தையும் உணர்கிற ஃபிலிம் 1920-களின் பிற்பாதியில் ஹாலிவுட்டில் பரவியது, ஷீரரின் அதிர்ஷ்டம்!

கூந்தல் கலைந்து புரள, பட்டு அங்கி கொஞ்சம் நெகிழ, ஷீரர் காமிரா முன் அமர்ந்தார். பிரிண்ட்டுகளைக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினார். தால்பெர்க் மறுபேச்சு பேசவில்லை. வேஷம் மனைவிக்கே!

1930-ல் படம் வெளியானது. அந்த வருஷ நவம்பரில், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் ஷீரர் கையில்! ஹர்ரெலுக்கோ எம்.ஜி.எம். போட்டோ பிரிவில் தலைமைப் பதவி. இதில் ஒரு சோகமும் உண்டு. அதுவரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரூத் ஹாரியட் லூயிஸ் என்கிற இளம்பெண். 1925-ல், இருபத்தி இரண்டே வயதில் அந்த நாற்காலிக்கு வந்தவர். கார்போவை அத்தனை அழகாகப் படம் பிடித்தவர். இன்று ஹர்ரெல் பேரைச் சொல்கிறவர்கள் பலர், லூயிஸை மறந்துவிடுகிறார்கள்.

வேஷத்தைத் தவறவிட்ட க்ராஃபோர்டு என்ன ஆனார் என்கிறீர்களா? அவரும் ஹர்ரெலிடமே வந்து உட்கார்ந்தார்! அதுவும் ஒருமுறை இரண்டுமுறை அல்ல. மேக்கப்பைத் துடைத்துவிட்டு, முகமெல்லாம் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளோடு தைரியமாக முகம் காட்டினார். அப்புறம் ஆரம்பிக்கும் பென்சில் வேலை. நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் ஃபிலிம் இருந்த காலம்வரை, மூலையில் ஒருவர் சாய்வு மேஜையில் குனிந்து நெகட்டிவை 'டச்சப்' செய்துகொண்டிருப்பாரே... அதே வேலைதான். பிரிண்ட்டில் கறுப்பாக விழுகிற புள்ளி, நெகட்டிவில் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைக் கூரான பென்சிலால் துளித்துளியாக நிரப்பினால், பிரிண்ட்டில் புள்ளி மாயம். ஹர்ரெலின் நெகட்டிவ் எட்டுக்குப் பத்து அங்குலம் என்பதால் பென்சிலுக்கு நல்ல இடம் இருந்தது. ஆனால், ஒரு முகத்துக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும்!

1931-ல் எடுத்த க்ராஃபோர்டு படம் ஒன்று, பென்சில் தொடுவதற்கு முன்னும் பின்னுமாக இப்போது ஜோடியாகவே பார்க்கக் கிடைக்கிறது. ஒன்றில் பளிங்குச் சிலை. இன்னொன்றில், நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் புள்ளிகளோடு இருபது சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி. எனக்கென்னவோ இரண்டாவதைத்தான் ரொம்ப நேரம் பார்க்கத் தோன்றியது. எம்.ஜி.எம். ரசிகர்களுக்குக் காட்டியது முதலாவதைத்தான்.