தூண்டிலுக்கும் பாஸ் கேட்ட கடல்

திருகோணமலையின் வரலாற்றை எழுதுறவர்கள் துறைமுகத்தைக் கப்பலில் இருந்துதான் பாக்கிறார்கள். 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது, 1782இல் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிப் பிடித்தது, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் குண்டு போட்டது எல்லாம் எங்களுக்குப் பாடம். அதே தண்ணிக்குள்ள பொழுதுபோக்காகத் தூண்டில் போட்ட ஆக்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. கரையில் நிக்க யாருக்கு அனுமதி இருந்தது என்ற வரலாறு அது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழுகுது. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற கண்டல் ஓரங்களில் கொடுவா, செப்பலி. வெளியே போனால் பாரை, சீலா. கார்த்திகை, மார்கழியில் வாடை வீச வெளிக்கடல் கொந்தளிக்கும். அப்ப தூண்டில் போடத் தோதான இடம், நிலம் சுற்றி மறைத்த உள்துறைமுகம்தான்.

அந்த உள்துறைமுகம் 1957 ஒக்டோபர் 15 வரை பிரித்தானியக் கடற்படையின் தளம். வெள்ளைக்காரத் துரைமார் தடியும் ரீலுமாக மீன் பிடித்தால் அது 'ஸ்போர்ட்'. சீனக்குடாவில் இருக்கிற சிலோன் சீ ஆங்லர்ஸ் கிளப்பின் பெயரிலேயே அந்தக் காலத்து வாசம் அடிக்குது. தங்கூசியைப் போத்தலில் சுற்றி, இறாலைக் குத்தி எறிஞ்ச எங்கட பெடியள் விளையாடினதும் அதே விளையாட்டுத்தான். அதை ஒருத்தரும் விளையாட்டு எண்டு எழுதி வைக்கேல்ல.

பிறகு போர். கடலுக்குப் போகப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, தடைசெய்த வலயங்கள். தொழிலாளியே அனுமதி வாங்கிப் போன காலத்தில், "சும்மா பொழுதுபோகத் தூண்டில் போடப் போறன்" எண்டு எந்தச் சென்ரியில் சொல்லலாம்? கொடுவா நல்லாக் கடிக்கிறது பொழுதுபட்ட பிறகும் விடியப்புறமும். அந்த நேரங்கள்தான் முதலில் பறிபோனது. எந்தப் பாருக்குப் பக்கத்தில் எவ்வளவு ஆழம், எந்தக் காத்துக்கு எந்த இரை எண்டு தகப்பன் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கிற பழக்கமும் அதோட அறுந்தது.

2009க்குப் பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இப்ப நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏத்தித் தூண்டில் போடக் கூட்டிப் போறார்கள். நல்லது, அது பலருக்குச் சோறு போடுது. ஆனா அந்தக் கரையில் பிறந்தவர் பயமில்லாமல் ஒரு மணித்தியாலம் சும்மா நிண்டு தூண்டில் போடுறதும் உரிமைதான். இழந்த வீடு, வள்ளம், வலைக்குக் கணக்கு எடுக்கிற நாங்கள், இழந்த பொழுதுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேணும். அந்தப் பாருகளின்ட பெயர் தெரிஞ்ச கிழவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதுவம்.