விடுபட்ட ஒரு வரியும் 23 வருடம் தாமதமான மகாவீர் சக்கரமும்

பூம்பாறையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மிலிட்டரி தாத்தா இருக்கிறார். பூண்டு வயல் வைத்திருக்கிறார். குழந்தை வேலப்பர் கோயில் திருவிழா அன்று மட்டும் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு வருவார். சின்ன வயதில் நாங்கள் அவரைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டு ஓடுவோம். அவரும் விறைப்பாகத் திருப்பி அடிப்பார்.

போன லீவுக்கு ஊருக்குப் போனபோது கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, நீ காலேஜு படிக்கிறயில்ல, இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதணும்" என்றார். விஷயம் இதுதான். 1971 போரின்போது கிழக்குப் பக்கம், அதாவது இன்றைய வங்கதேசம் இருக்கும் பக்கம், பணியில் இருந்தவர்களுக்கு 'பூர்வி ஸ்டார்' என்று ஒரு பதக்கம் உண்டு. மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்கு 'பஸ்சிமி ஸ்டார்'. எங்கே இருந்தாலும் அந்தச் சமயத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக 'சங்ராம் மெடல்'. தாத்தா கிழக்கே போனவர். பூர்வி ஸ்டார் அவர் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல்களுக்கான இடத்தில் சங்ராம் மெடல் மட்டும்தான் இருக்கிறது.

"விட்டுடுங்க தாத்தா, அதான் மெடல் கையில இருக்கே" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

"பெட்டியை எவன் நம்புவான்? நாளைக்கு நான் போயிட்டா புத்தகத்தைத்தான நம்புவாய்ங்க. இந்தப் புத்தகத்துப்படி பாத்தா, சண்டை நடந்தப்ப நான் பட்டாளத்துல இருந்தேன், ஆனா சண்டைக்குப் போகல."

பணம் ஒன்றும் வரப்போவதில்லை. அந்தப் பதக்கத்துக்கு மாதப் படி எதுவும் கிடையாது. அவர் கேட்பது ஒரே ஒரு வரி.

லெட்டர் எழுதுவதற்காக இது சம்பந்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தேவய்யாவின் கதை கிடைத்தது.

ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாடா போப்பய்யா தேவய்யா. குடகுக்காரர். நம்மைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தவர். விமானப்படையில் பயிற்சியாளராக இருந்தவர், 1965 போருக்காக ஆதம்பூரில் இருந்த 1-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தார். செப்டம்பர் 6-ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கின. மறுநாள் விடியலில் நம் பதிலடி. இலக்கு பாகிஸ்தானின் மிக முக்கியமான விமானத் தளமான சர்கோதா. விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா தலைமையில் 12 மிஸ்டேர் ரக விமானங்கள் போக வேண்டும். தேவய்யாவின் பெயர் அந்த 12 பேரில் இல்லை. அவர் ஸ்டாண்ட்பை. யாராவது போக முடியாமல் போனால்தான் அவருக்கு இடம். ஒருவரால் போக முடியவில்லை, இவர் போனார்.

தாக்குதலை முடித்துத் திரும்பும் வழியில் பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்று துரத்தி வந்தது. ஓட்டியவர் ஃபிளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசைன். ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய அமெரிக்க விமானம். மிஸ்டேரோ பிரெஞ்சுக்காரர்களின் பழைய தலைமுறை விமானம், நேராகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைக்கூடத் தொடாது. மாருதி 800 புல்லட் ரயிலோடு மோதுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவய்யாவின் விமானம் அடிபட்டது. ஆனால் அவர் தப்பி ஓடவில்லை. திரும்பிச் சண்டைக்கு நின்றார். தரையை ஒட்டிய உயரத்தில் நடந்த அந்தச் சண்டையில் ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது. அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கூடப் போனவர்கள் யாரும் இந்தச் சண்டையைப் பார்க்கவில்லை என்பதுதான். ஆதம்பூரில் எண்ணிப் பார்த்தபோது ஒரு விமானம் குறைந்தது. நம் ஆவணத்தில் ஏறியது 'காணவில்லை' என்பது மட்டுமே. பிறகு இறந்தவராகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், ஃபைல் மூடப்பட்டது.

14 வருடம் கழித்து, 1979-இல், ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1965 விமானப் போரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு, அவர்கள் பக்கத்துத் தகவல்களை வைத்து எழுதிய புத்தகம். பாகிஸ்தானைப் பெருமைப்படுத்தும் புத்தகம் என்றே சொல்லலாம். அதில்தான் சர்கோதா அருகே ஒரு மிஸ்டேருடன் நடந்த சண்டையில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை இழந்த விவரம் இருந்தது. நம் ஆட்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் ஆவணத்தைப் புரட்டினார்கள். அந்தத் தாக்குதலுக்குப் போய்த் திரும்பாத மிஸ்டேர் ஒன்றே ஒன்றுதான். அது தேவய்யாவுடையது. அன்று தலைமை தாங்கிப் போன தனேஜாவும் இதை விடாமல் வலியுறுத்தினார்.

1988-இல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்த சமயம். போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கு நம் நாட்டில் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருது அது. அவர் மனைவி சுந்தரி வாங்கிக்கொண்டார். சண்டை நடந்து 23 வருடம் ஆகியிருந்தது. 2025-இல் வந்த 'ஸ்கை ஃபோர்ஸ்' இந்திப் படம் இந்தச் சம்பவத்தைத் தழுவியதுதான்.

இங்கே என் பி.காம். புத்தி கொஞ்சம் வேலை செய்தது, மன்னிக்கவும் :)

கணக்குப்பதிவியலில் பிழைத் திருத்தம் என்று ஒரு பாடம் உண்டு. பிழைகளிலேயே மோசமானது எது தெரியுமா? முழு விடுபிழை. ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லை என்றால், பற்றும் இருக்காது, வரவும் இருக்காது. அதனால் இருப்பாய்வு ஜம்மென்று சமமாகிவிடும். நூறு தடவை கூட்டிப் பார்த்தாலும் தப்பு தெரியாது. தப்பாக எழுதியதை ஏட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எழுதாமல் விட்டதை அந்த ஏட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு எதிராளியின் ஏடு வேண்டும். நம் கேஷ் புக்கையும் பேங்க் பாஸ் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கிறோமே, அது இதற்காகத்தான்.

தேவய்யா விஷயத்தில் நடந்ததும் இதுவே. நம் ஏட்டில் ஒரு விமானம் நஷ்டம், கணக்கு நேர். யாருக்கும் சந்தேகம் வரக் காரணமே இல்லை. எதிரியின் ஏட்டில்தான் அந்த வரி இருந்தது. ஃப்ரிக்கர் அந்தப் புத்தகத்தை எழுதாமல் இருந்திருந்தால்? தனேஜா அதற்குள் இறந்திருந்தால்? என்னை இதுதான் தொந்தரவு செய்கிறது. தேவய்யாவைப் போல எத்தனை பேர் இன்னும் 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கிறார்கள்?

விடுபிழை மட்டும் இல்லை, மற்ற வகைப் பிழைகளும் உண்டு. 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் சண்டையிட்ட 18 கிரெனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு முதலில் 'மறைவுக்குப் பின்' என்று பரம்வீர் சக்கரம் அறிவித்துவிட்டார்கள். அவரோ உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்தார். இறந்தது அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர். கந்தசாமி கணக்கில் போட வேண்டியதை இன்னொரு கந்தசாமி கணக்கில் போட்ட கதை. நல்லவேளை, ஆள் உயிரோடு இருந்ததால் உடனே திருத்த முடிந்தது.

அதே கார்கிலில் படாலிக் பகுதி. நம் திருச்சி மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று உயிர் கொடுத்த இடம். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, பிறகு வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அந்தப் படாலிக் பகுதியில் போரிட்ட 70-வது காலாட்படை பிரிகேடின் தளபதி பிரிகேடியர் தேவிந்தர் சிங். போர் முடிந்து அவருக்குக் கிடைத்தது விசிஷ்ட சேவா பதக்கம். அது போர் வீரத்துக்கான விருதே இல்லை. தன் பிரிகேடின் சாதனைகள் அறிக்கையில் சரியாக வரவில்லை என்றும், மேலதிகாரியின் மதிப்பீடு பாரபட்சமானது என்றும் அவர் வழக்குப் போட்டார். 2010 மே மாதம் டெல்லியில் ராணுவத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த மதிப்பீட்டுக் குறிப்புகளை நீக்க வேண்டும், போர் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு பிரிகேடியருக்கே 11 வருடமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டது. சாதாரண சிப்பாய்?

வெளிநாடுகளிலும் இதே தலைவலிதான். அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் எரிந்துபோயின. மறுபிரதியும் கிடையாது. அதனால் சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரி ரெக்கார்டு என்று வேறு ஏடுகளிலிருந்து ஒவ்வொருவருடைய சேவையையும் மறுபடி கட்டியெழுப்புகிறார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் ஆசிய வம்சாவளி வீரர்களுக்கு இனப் பாகுபாட்டால் உயர்ந்த விருது மறுக்கப்பட்டதா என்று பார்க்க, 1996-இல் சட்டம் போட்டுப் பழைய கோப்புகளை மொத்தமாகப் பிரித்தார்கள். 2000 ஜூன் மாதம் 22 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஹானர்' கிடைத்தது. போரில் ஒரு கையை இழந்து, பிறகு செனட்டர் ஆன டேனியல் இனோயேயும் அதில் ஒருவர். பெரும்பாலானோர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் கதை இன்னும் மோசம். முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்கு, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களுக்கு, பெயர்கூடப் பொறிக்கவில்லை, அல்லது நினைவிடமே இல்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. அவர்களுக்காக மனுப் போட யார் இருக்கிறார்கள்?

சரி, நம் ஊரில் திருத்துவதற்கு வழி என்ன? தாத்தாவுக்காக விசாரித்ததில் தெரிந்துகொண்டது இது. சிப்பாய்களின் சர்வீஸ் ரெக்கார்டு அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும். யூனிட்டிலிருந்து 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு வந்தால்தான் அதில் ஒரு வரி ஏறும். தாத்தா போர்ச் சமயத்தில் வேறொரு யூனிட்டோடு இணைத்து அனுப்பப்பட்டவர். இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் அந்த வரி விழுந்துபோயிருக்கலாம் என்பது என் ஊகம். முதலில் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகவும் அனுப்பலாம். அங்கே முடியாது என்று இறுதி உத்தரவு வந்தால், 2007-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையிலும் அதன் கிளை உண்டு. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது எதிர் ஏட்டைத் தேடுவது. "உங்களோட அங்க யார் யாரெல்லாம் இருந்தாங்க தாத்தா?" என்று கேட்டேன். ஏழு பெயர் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கொஞ்சம் நிறுத்தினார். ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தேனிப் பக்கம் ஒருவர் இருக்கிறார், காது கேட்காது, ஆனால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் ஏறியிருக்கிறதாம். அவர் எழுதி அனுப்பிய கடிதம், அவர் புத்தகத்தின் ஜெராக்ஸ், தாத்தாவின் மெடலை முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பீடு போஸ்டில் போட்டிருக்கிறோம்.

கணக்கில் காரணம் தெரியாத வித்தியாசம் வந்தால், கண்டுபிடிக்கும் வரை அனாமத்துக் கணக்கில் வைப்போம். தாத்தாவின் 1971 இப்போதைக்கு அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய பட்டாளத்துக்காரர் யாராவது இருந்தால் ஒருநாள் உட்கார்ந்து அவருடைய புத்தகத்தையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்துப் பாருங்கள். கூட இருந்தவர்களின் பெயர்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா சொன்ன ஏழு பெயரும் என் நோட்டில் இருக்கின்றன.